பாதாளத்துக்கு இன்னிக்கு இல்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறி கெட்டுப்போனது, அதனால் கிடைத்தது.

என் அண்ணி கால்நடை மருத்துவர். அவரிடம் வருகிறவை பெரும்பாலும் பூனைகள். அண்ணனின் பெயிண்ட் கடைக்குப் பின்பக்கம் இரண்டு அறைகள் அவருடையவை. உள்ளறையில் மேசை, விளக்கு, மைக்ராஸ்கோப், எடை மெஷின். முன்னறையில் நான்கு நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும். அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாவல் எழுதலாம் என்று ஒரு நல்ல நாளில் கிளம்பிப் போனேன். "ஓசிக் காத்து வாங்க வந்துட்டியா? சரி, அந்தத் துண்டை எடு, இந்தப் பூனையைப் பிடி" என்றார் அண்ணி. அன்றிலிருந்து துண்டு பிடிக்கிறேன். நாவல் போட்டது போட்டபடி இருக்கிறது. கையில் கீறல்கள்தான் கூடிக்கொண்டே போகின்றன.

[இந்த இடத்தில் என் நாவலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அண்ணி பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் "பூனை எப்ப வரும்?" என்று எழுதியிருக்கிறார்.]

வரும், வரும். அதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு.

முன்னறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அறிவிப்பை எழுதியவன் நான். பூனைகளுக்கு வரும் எதிர்ப்புச்சக்திக் குறைவு நோயைப் பற்றியது. எஃப்.ஐ.வி. என்பார்கள். "வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நீ எழுத்தாளன்தானே, புரியற மாதிரி எழுதிக் குடேன்" என்றார் அண்ணி. நான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன், உவமைகளோடு. அவர் அதை நாலு வரியாக்கினார்:

'இந்த வைரஸ் பெரும்பாலும் ஒரு பூனை இன்னொன்றைக் கடிப்பதால் பரவும். மனிதருக்குத் தொற்றாது. கடிபட்ட சில வாரங்களுக்குள் சோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். கடிபட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு இல்லை என்று வந்தால் நம்பலாம்.'

கடைசி வரியில் 'பெரும்பாலும் நம்பலாம்' என்று போடச் சொன்னார். ஒரே அறிவிப்பில் இரண்டு 'பெரும்பாலும்' என் காதுக்கு உறுத்தியது. போடாமல் விட்டுவிட்டேன்.

என் புத்தகங்கள் அண்ணன் கடையில் பிரைமர் டப்பாக்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த நாலு வரியைத்தான் பூனை வைத்திருக்கிற அத்தனை பேரும் படித்திருக்கிறார்கள். ஒருவர் படித்ததோடு நிற்கவில்லை. அதை வைத்து ஒரு பொய்யும் சொன்னார்.

2

தொடக்கம் ஒன்று: 'அந்தப் பூனையின் கண்களில் சொல்ல முடியாத ஒரு சோகம்

(அண்ணி: "கண்ணுல சோகம் இல்லை, பீளை. பீளைன்னே எழுது.")

தொடக்கம் இரண்டு: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில்

மழை பெய்யவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடித்தது. கதையில் யாருக்காவது கஷ்டம் வந்தால் உடனே மழையைக் கூப்பிடுவது எங்கள் ஆட்களின் கெட்ட பழக்கம்.

தொடக்கம் மூன்று: ஒரு கணவர், ஒரு மனைவி, ஆளுக்கொரு பூனை. இது நிற்கும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்.* வாசலை அடைக்கிற தோள், ஆனால் குரல் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவருடைய குரல். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியைச் சுத்தம் செய்ய இறங்கியவர், கிரீஸ் அப்பிய ஒரு கடுவன் பூனையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். பாதாளத்தில் கிடைத்ததால் பாதாளம் என்று பெயர் வைத்தார். மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரிடம் ஒரு வெள்ளைப் பெண் பூனை உண்டு. அதன் பெயர் சீமாட்டி. பாதாளம் வந்த நாளிலிருந்து சீமாட்டி அலமாரி உச்சியை விட்டு இறங்கவில்லை. இரண்டையும் பழக விடலாமா, நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். சில நாட்களாகப் பாதாளம் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

* லிஃப்ட் மெக்கானிக் அல்ல. தொழில், வீடு, பூனைகளின் பெயர் என்று எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அண்ணி போட்ட நிபந்தனை. மாற்றாமல் விட்டவை இரண்டு: 'மூணு மாசம்' என்று அவர் சொன்னது, அப்புறம் ஒரு ஜன்னல்.

முன்னறையில் காத்திருந்தபோது மனைவி சொன்னார்: "இதோ பாருங்க, அந்த நோய் இருக்குன்னு வந்துச்சுன்னா இவன் வீட்டுக்குள்ள வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்."

"வராது."

"வந்தா?"

"வராதுங்கறேன்ல."

சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். என் அறிவிப்பைப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நம் எழுத்தை ஒரு வாசகர் இவ்வளவு ஊன்றிப் படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்ததும் அவர் உதடு லேசாக அசைந்தது. மனப்பாடம் செய்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

3

அண்ணி வேலை செய்வதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை.

முதலில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். குடிப்பதற்கு அல்ல, அது கைக்கு வாங்கிய டீ. சில்லென்ற விரல் பட்டால் பூனை உடம்பை இறுக்கிக்கொள்ளும், அப்புறம் தொட்டு என்ன பிரயோஜனம் என்பார். கை சூடானதும் பூனையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு தொடுவார். தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால். நமக்குக் காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, பூனைக்கு நெறி கட்டும் இடங்கள் அவை. பட்டாணித் தோலைத் தடவியே உள்ளே எத்தனை மணி என்று சொல்கிறவர்களைப் போல அவர் விரல் நிதானமாகப் போகும். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசக் கூடாது. நான் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவேன்.

பாதாளத்தின் கழுத்தில் விரல் நின்றது. முடியை விலக்கினார். ஆறிய தழும்பு.

"எப்போ கடிபட்டுச்சு?"

"அது ஆச்சு டாக்டர், மூணு மாசம்" என்றார் மெக்கானிக். "குழியிலேர்ந்து எடுத்தப்பவே காயத்தோடதான் இருந்தான். கடிபட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிடுச்சு."

வாயால் பேசுகிற யாரும் 'இரண்டு மாதத்துக்கு மேல்' என்று சொல்ல மாட்டார்கள். அது என் வரி. அச்சுப் பிசகாமல் என் வரி.

"அதுக்கப்புறம் வெளியே போகலையே?"

"வீட்டை விட்டு நகரலை டாக்டர்."

மனைவி சீமாட்டியின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சோதனைப் பட்டையில் சொட்டு விட்டார் அண்ணி. ஒரு கோடு வந்தால் பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால் நோய். நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதாளம் மட்டும் பார்க்கவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கோடு ஒண்ணுதான்!" மெக்கானிக் கத்தியே விட்டார். "பாத்தியா? ஒண்ணே ஒண்ணு! வராதுன்னு சொன்னேன்ல? ராசா, என் ராசா" என்று பூனையின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். கிரீஸ் வாசனை போகாத கை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கியது.

"இன்னிக்கு இல்லை" என்றார் அண்ணி.

அவர் எப்போதுமே அப்படித்தான் சொல்வார். 'இல்லை' என்று வெறுமனே சொல்ல மாட்டார். முன்னால் 'இன்னிக்கு' இருக்கும்.

"இன்னிக்கு இல்லைன்னா? அதான் மூணு மாசம் ஆயிடுச்சே டாக்டர்?"

அண்ணி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் ஏற்றி, காய வைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல், மளிகைக் கணக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"காயம் கழுத்துல. கழுத்துப் பக்கம் நெறி கட்டினா நியாயம். கால் முட்டிக்குப் பின்னால ஏன் கட்டணும்? நாலு பக்கமும் கட்டியிருக்கு. காய்ச்சல் இருக்கு. இப்படிக் காய்ச்சல் அடிச்சா ரத்தத்துல வெள்ளை அணு ஏறியிருக்கும்னு எதிர்பார்ப்பேன், இவனுக்கு இறங்கியிருக்கு. தழும்பு மேல முடி இப்பதான் அரும்புது. மூணு மாசம்னா இந்நேரம் மூடியிருக்கணும்."

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"சேச்சே. உங்களை நம்பறேன். இவன் கழுத்தைக் கொஞ்சம் கூடுதலா நம்பறேன்."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "இந்தப் பட்டை வைரஸைத் தேடறதில்லைங்க. அதை எதிர்க்க உடம்பு தயார் பண்ற பொருளைத் தேடுது. தயார் பண்ண உடம்புக்கு வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் உள்ள வைரஸ் இருந்தாலும் கோடு வராது. வேற காரணமாவும் இருக்கலாம், அதையும் பாக்கறேன். ஆனா என் சந்தேகம் இதுதான்."

மெக்கானிக் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கற லிஃப்ட் மாதிரி" என்றார் மெல்ல. "எந்த மாடி நம்பரும் எரியாது. அதுக்காக லிஃப்டே இல்லைன்னு சொல்ல முடியாது." சொல்லி முடித்த பிறகுதான், தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிவிட்டது.

[இந்த லிஃப்ட் வசனம் என் கற்பனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைப்பிரதியில் அண்ணி 'சரி' என்று போட்ட ஒரே இடம் இதுதான். "இதை நான் வர்றவங்ககிட்ட சொல்லிக்கலாமா?" என்று வேறு கேட்டார். இத்தனை வருஷ எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விருது அது. சான்றிதழ் தரவில்லை.]

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அந்த மனைவியை எப்படி எழுதுவது?

முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரியாக்கினேன். 'ஈவிரக்கமில்லாத அவள் பார்வையில்' என்று ஆரம்பித்த வாக்கியத்தை எழுதிய கையோடு அடித்தேன். இரண்டாவது பிரதியில் தியாகியாக்கினேன். அது இன்னும் மோசம், பத்திக்குப் பத்தி அழுதுகொண்டே இருந்தார். அண்ணி இரண்டையும் படித்துவிட்டுத் தூக்கி மேசையில் போட்டார். "அவ என்கிட்ட எப்படிப் பேசினாளோ அப்படியே எழுது. உன் கைவரிசையைக் காட்டாதே" என்றார்.

சரி, காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

5

அண்ணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பூனையோடு இரண்டு பேர் வந்தால் ஒரு தடவையாவது ஒருவரை வெளியே அனுப்பிவிடுவார். "ஒரே கேள்வியை ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்துக் கேட்டா ஒரே பதில்தான் வரும். யாரு சத்தமா பேசறாங்களோ அவங்க பதில்" என்பார். அன்றைக்கும் மெக்கானிக்கிடம் பாதாளத்தைக் கொடுத்து, "கொஞ்சம் காத்தாட உட்காருங்க, இவளுக்கு எடை பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்று அனுப்பினார்.

சீமாட்டி எடை மெஷினில் சுருண்டு கிடந்தது. நான் துண்டோடு நின்றேன். என்னை யாரும் ஆளாகவே மதிக்கவில்லை, சலைன் பாட்டில் மாட்டுகிற கம்பியைப் போல நின்றேன்.

"எப்போம்மா?" என்றார் அண்ணி. வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஒரு மாசம் இருக்கும் மேடம்." குரல் வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று அந்தம்மா கதவைப் பார்த்தார். "ரெண்டு நாள் காணாம போயிட்டான். மூணாவது நாள் கழுத்துல ரத்தத்தோட வந்து நின்னான். ஜன்னல் கொக்கி லூசா இருந்துச்சு, அதான் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்னு அவர் நினைச்சுட்டு இருக்கார்."

"ம்."

"கொக்கியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மேடம். நான்தான் திறந்து விட்டேன்."

அண்ணி சீமாட்டியின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இவ அலமாரி மேலயே கிடந்தா. சாப்பாட்டுக்குக்கூட இறங்கலை. தொட்டா எலும்பு தட்டுப்பட ஆரம்பிச்சுடுச்சு. அவர்கிட்ட சொன்னா, பழகிடும் பழகிடும்ங்கறார். எனக்கு வயித்தெரிச்சல். போய்த் தொலையட்டும்னு திறந்தேன். எங்கயாவது பொழைச்சுக்கும்னு நினைச்சேன். அவர் வேலை விட்டு வந்து சாப்பிடாம தெருத் தெருவா பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே போனார். நானும் கூடப் போனேன் மேடம். நானும் கூப்பிட்டேன்."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நான் வாயைத் திறக்கலைன்னா, மூணு மாசம், கோடு ஒண்ணுன்னு அவர் ரெண்டையும் சேர்த்து விட்டுடுவார். அவன் இவளைக் கடிச்சு வச்சா? நான் வாயை மூடிட்டு இருந்து இவ கெட்டுப் போகணுமா?"

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் ஜன்னல் வெளியே வரும், புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் சீமாட்டியின் உயிருக்கு ஆபத்து. கழுத்தையும் முட்டியையும் ரத்தத்தையும் வைத்து அண்ணி ஏற்கெனவே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் எந்த நாளில் கடிபட்டது என்பதைக் கழுத்து சொல்லாது. அதை அந்தம்மா சொன்னார். அழுதுகொண்டே சொன்னார், ஆனால் மென்று விழுங்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அண்ணி திட்டுவார் என்று நினைத்தேன். "எடை குறைஞ்சிருக்கா. தேறிடுவா, பயப்படாதீங்க" என்றார். பிறகு, "ஜன்னலைப் பத்தி நான் அவர்கிட்ட பேச மாட்டேன். அது என் வேலை இல்லை. கழுத்து சொல்லுச்சுன்னு சொல்றேன். அது பொய்யும் இல்லை" என்றார்.

6

அதையேதான் சொன்னார். பாதாளம் தனி அறையில், சீமாட்டி தனியாக. தட்டு, மண் தொட்டி எல்லாம் தனித்தனி. எந்த ஜன்னலும் திறக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பட்டை.

"எங்க வீட்ல ஏது தனி ரூம்?" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"தையல் ரூம் இருக்கு" என்றார் மனைவி.

அவர் ஆச்சரியத்தோடு மனைவியைப் பார்த்தார். மெஷின் பக்கம் ஒரு பூனை முடி விழுந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவராம்.

[இரண்டு மாதத்தைக் கடப்பது கதைக்காரனுக்குச் சுலபம். 'இரண்டு மாதம் கழிந்தது' என்று எழுதினால் வேலை முடிந்தது. எழுதியும் இருந்தேன். அண்ணி அதைச் சுழித்து, "உனக்குக் கழிஞ்சுது. அவளுக்கு?" என்று எழுதியிருந்தார். ஆகவே இந்தப் பகுதி.]

மெக்கானிக்குக் காலையில் போனால் எப்போது வருவோம் என்று தெரியாத வேலை. அதனால் பாதாளத்தைப் பார்த்துக்கொண்டது மனைவிதான். எங்கே நெறி கட்டும் என்று அண்ணி அவர் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருந்தார். முதல் வாரம் பாதாளம் தொட விடவில்லை. திரைச்சீலைத் துணியை நார்நாராகக் கிழித்துப் போட்டது. "மேடம், இவன் எனக்குப் பூர்வ ஜென்மக் கடன்காரன்" என்று போனில் புலம்பினார். அப்புறம் மெஷின் சத்தத்துக்குப் பழகிவிட்டது. அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது காலடியில் வந்து படுத்தது. அவர் ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டு மறு கையால் கீழே குனிந்து முட்டிக்குப் பின்னால் தொட்டுப் பார்ப்பாராம்.

ஒரு நாள் குரலில் உற்சாகத்தோடு கூப்பிட்டார். "மேடம், நெறி வடிஞ்சுடுச்சு! காய்ச்சலும் இல்லை, நல்லா சாப்பிடறான். அப்ப சரியாயிடுச்சுதானே?"

அண்ணி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எனக்கும் கேட்டது. 'ஆமாம்' என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சந்தோஷம்மா. ஆனா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி. "இந்த நோய் முதல்ல இப்படிக் கொஞ்சம் காட்டும், அப்புறம் பதுங்கிடும். வருஷக்கணக்குல பதுங்கும். எல்லாரும் போயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க. அந்த முதல் காட்டலைப் பிடிச்சாத்தான் உண்டு. நாம பிடிச்சுட்டோமான்னு பட்டை சொல்லட்டும்."

ஒரு பொய் சொன்னால் ஒரு மனுஷி அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அண்ணி சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பாதாளம் இன்றைக்கு எந்தத் துணியைக் கிழித்தது, பூப்போட்டதா, கட்டம் போட்டதா என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு நாய்கள் காத்திருந்தன. இப்படி ஒருவரோடு ஒரே குடும்பத்தில் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

7

இரண்டு கோடுகள்.

இரண்டாவது கோடு தயங்கித் தயங்கித்தான் வந்தது. முதலில் நிழல் மாதிரி இருந்தது, அப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. அண்ணி ஒரு 'ஆமாம்' வந்ததும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. வேறு கம்பெனிப் பட்டையிலும் போட்டுப் பார்த்தார். அதிலும் இரண்டு. சீமாட்டிக்கு ஒன்றுதான்.

தன் கணிப்பு சரியாகிவிட்டதே என்ற பெருமை அண்ணி முகத்தில் துளிகூட இல்லை. பட்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் பாதாளத்தின் தாடையைத் தடவினார்.

மெக்கானிக் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாள் முன்னறையில் மனைவி சொன்னதை மறந்திருப்பாரா? பாதாளத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வேற யாருக்காவது... எங்க வேலை செய்யற இடத்துல கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

மனைவி பாதாளத்தின் கூடைக் கதவைத் திறந்து பிடித்தார். "உள்ள விடுங்க. வீட்டுக்குப் போலாம்."

"இவனை?"

"இவனையும் சேர்த்துத்தான் சொல்றேன். தையல் ரூம் அவனோடது."

அந்தப் பெரிய மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாத்தீங்களா டாக்டர்? பாத்தீங்களா இவளை? இந்த மனசு யாருக்கு வரும்?" வெளியே போகும்போது என்னிடம் சொன்னார். பெயிண்ட் வாங்க வந்த ஆட்களிடம் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி வைத்து, "எங்க வீட்டம்மா இருக்காங்களே" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன். திட்டு வாங்கும்போதுகூட யாரும் அப்படிக் குறுகிப்போய் நான் பார்த்ததில்லை.

பூனைக்குப் பெரிய கவலை இல்லை. வீட்டுக்குள்ளேயே, சண்டை சச்சரவு இல்லாமல், வேறு நோய் அண்டாமல் வைத்துக்கொண்டால் இந்த நோயோடும் பல வருஷம் நன்றாக இருக்கிற பூனைகள் உண்டு என்று அண்ணி சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் தெரிந்ததே பாதி வைத்தியம் என்றார். கருத்தடையும் ஆகிவிட்டது, சண்டைக் குணம் அடங்கியிருக்கிறது. அவ்வப்போது அண்ணியிடம் காட்டினால் போதும்.

ஜன்னல்தான் பாக்கி.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில், போகும் வழியிலேயே அவர் சொல்லிவிடுகிறார். கணவர் வண்டியை ஓரம் கட்டி, 'இதுக்குப் போய்

அண்ணி அதற்கு மேல் படிக்கவில்லை. "சினிமா" என்றார்.

இரண்டாவதில் கடைசி வரை சொல்லவே இல்லை. பாராட்டைக் கேட்டுக் கேட்டு அவர்

இது எனக்கே பிடிக்கவில்லை. பாவம்.

மூன்றாவது முடிவு என் சாமர்த்தியம். கதவும் கொக்கியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே தொழிலாக உள்ள லிஃப்ட் மெக்கானிக்குத் தன் வீட்டு ஜன்னல் கொக்கி நன்றாக இருப்பது தெரியாமலா இருந்திருக்கும்? அவருக்கு முதலிலிருந்தே தெரியும்! தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை! நானே என் முதுகைத் தட்டிக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன். அண்ணி சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. "அடப்பாவி, லிஃப்ட் மெக்கானிக்குன்னு வச்சதே நீதானே!"

இதை எழுதலாமா என்று அந்தம்மாவிடம் அண்ணிதான் கேட்டார். உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: "எழுதட்டும் மேடம். முடிவை மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க. அது என்னோடது."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "அவர் கதை, புஸ்தகம்னு எதையும் தொட மாட்டார். ஆனா உங்க சுவத்துல ஒட்டியிருந்தா ஒரு வரி விடாம படிப்பார்."

நேற்று அண்ணியிடம் கேட்டேன். "அப்ப இன்னும் அவங்க வாயால சொல்லலையா?"

அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வரைக்கும் இல்லை" என்றார்.

9

ஆகவே, இது புத்தகத்தில் வரவில்லை. முன்னறைச் சுவரில், அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அறிவிப்பின் கடைசி வரியில் 'பெரும்பாலும்' சேர்த்துவிட்டேன். காதுக்கு உறுத்தத்தான் செய்கிறது, இருக்கட்டும்.

காத்திருக்கும் நேரத்தில் இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இது வெறும் கதை. உங்கள் பூனையின் முறை வந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உங்களில் ஒருவருக்கு மட்டும் அப்படி இல்லை. ஐயா, நீங்கள் லிஃப்ட் மெக்கானிக் அல்ல. உங்கள் பூனையின் பெயர் பாதாளமும் அல்ல. ஆனால் 'மூணு மாசம்' என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பூனையை வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னீர்கள், என் வரியை வைத்துத்தான் சொன்னீர்கள். ஜன்னலைத் திறந்தவர் இன்னொரு பூனைக்காகத் திறந்தார். பிறகு இரண்டு மாதம் தினமும் குனிந்து முட்டிக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தவரும் அவர்தான்.

இப்போது அவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணி உள்ளே டீ டம்ளரில் கையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார், கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். நான் மூலையில் துண்டை மடித்துக்கொண்டிருக்கிறேன், தலை நிமிர மாட்டேன்.

திரும்பி அவரிடம் நீங்கள் சொல்லப் போகும் முதல் வார்த்தையை நான் எழுதவில்லை.